வெள்ளையடித்த கரை

போன வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் துல்லியமாகத் தெரியும். என் மகள் கோமதியைப் பெண் பார்க்க வருகிறவர்களோடு சிவகிரியிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் வந்திருக்க வேண்டும். பஸ் வரவில்லை. மழை வந்தது.

ஐப்பசி என்றால் மழை வராதா என்கிறீர்களா? என் வீட்டுத் தோட்டத்தை நீங்கள் பார்த்ததில்லை. சங்கரன்கோவிலில் சமதரைக்கா பஞ்சம்? தேடிப்பிடித்துச் சரிவை வாங்கியவன் நான். மழைக்கு மழை தோட்டத்து மண் கிணற்றுக்குள் போய்விடும். போன வருஷம் கோமதிதான், மண்வேலை செய்யும் மாடசாமியை வைத்துக்கொண்டு, சரிவை மூன்று படிகளாக்கினாள். படிக்குப் படி இடுப்புயர மண்கரை. கரை முழுக்க வெட்டிவேர்ப் புல்.

எனக்கு அது புதராகத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் புதர் படலாமா? பின்வாசலில் நின்றால் தெரிகிற மேல்கரையை மட்டும் வேரோடு செதுக்கச் சொன்னேன். மாடசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பல்லையெல்லாம் புடுங்கிட்டு, சிரின்னு சொல்லுதீயளே அண்ணாச்சி."

நான் விடவில்லை. செதுக்கிய கரைக்குச் சுண்ணாம்பு, அதன்மேல் காவிப்பட்டை... கோயில் மதில் தோற்றது! கோமதி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மழை பிடித்தபோது அவள் கடைசிப் படியில், கிணற்றோரம், பிச்சிப்பூ பறித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடக் கூப்பிட, வெள்ளைக்கரை வயிறு உப்பி, அப்படியே உட்கார்ந்தது. வண்டி வண்டியாய் மண், தண்ணீரோடு, அவள் இருந்த பக்கம் இறங்கியது.

ஓடத்தான் நினைத்தேன். பின்வாசல் தூணைப் பிடித்தபடி அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கரையில் மண் மோதியது. புல் படுத்தது... கரை நின்றது. சேறெல்லாம் மேலேயே தங்கிவிட, தண்ணீர் மட்டும் புல்லிடுக்கில், வடிகட்டியதுபோல், சத்தமில்லாமல் இறங்கியது. மறுநாள் அந்தக் கரையில் விரிசல் விட்டிருந்த ஓரிடத்தில் கைவிட்டுப் பார்த்தேன். தோள்வரை போயும் வேர் முடியவில்லை. ஒரு வருஷப் புல்! நான் ஐம்பது வருஷமாக இந்த மண்மேல் நடக்கிறேன். அடியில் என்ன நடக்கிறதென்று ஒருநாள் யோசித்திருப்பேனா?

ஆனால் அன்று வேரையா நினைத்தேன்? மழையில் கடைசிப் படி கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கூப்பிட்டதற்குப் பதிலும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. கோமதி வந்தாள். முழங்கால்வரை சேறு, மடி நிறையப் பிச்சி. மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்:

"மிச்ச ரெண்டு கரைக்கும் வெள்ளையடிச்சிராதீய அப்பா."