வேல்ஸுக்குப் போகாத குரல்

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குள் என் குரல் வேல்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே அப்போது காலை பதினொன்று. என் மகள் நர்ஸாக வேலை பார்க்கும் சிற்றூரில், வேல்ஸ் தனி நாடாக வேண்டும் என்று கேட்கும் கட்சியின் கிளைக் கூட்டம். அந்தக் கிளையில் முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள். கட்சி பிழைக்க வேண்டுமானால் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் பொறுப்புக் கொடுக்க வேண்டும், அவர்களுக்கு வேல்ஸ் மொழியைக் கட்சியே கற்றுத்தர வேண்டும் என்று அவள் தீர்மானம் கொண்டுவந்திருந்தாள். ரங்கூனிலிருந்து வந்தவளுக்கு எங்கள் மொழியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டாராம்.

ஒரு மொழி ஒரு வீட்டை விட்டு எப்படிப் போகிறது என்று நீங்கள் தமிழில் இரண்டு நிமிடம் பேசி அனுப்புங்கள் அப்பா, நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றாள். அதையும் பர்மியில்தான் சொன்னாள்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பர்மியில் பதில் சொல்லி வளர்ந்தவள், அங்கே போய் மூன்றே வருடத்தில் வேல்ஸ் மொழியில் சண்டை போடுகிறாள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது மொழிக்கும் பொருந்தும் போல. ஆனாலும் மகள் கேட்டுவிட்டாளே. நகர நடுவே கியாக்டடாவில் நான் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்தின் படிக்கட்டில் நின்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பதிவு செய்தேன். பள்ளிக்கூடமும் தெருவும் சேர்ந்து பிள்ளைகளிடமிருந்து தமிழைப் பிடுங்கிக்கொண்டன, பெற்றவர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று உருக்கமாகப் பேசினேன். திரும்பக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

அனுப்பத்தான் முடியவில்லை. மதியம் முழுக்க நகர நடுவில் இன்டர்நெட் லைன் இல்லை. வீட்டுப் பக்கம் கிடைக்கும் என்று நாலரை மணிக்கே பஸ் ஏறினேன்.

பாதி வழியில் ராணுவத்தார் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாள அட்டை, போன் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் இறங்கச் சொன்னார்கள். என் போனை வாங்கிய சிப்பாய்க்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. படங்களைப் பார்த்தான், அப்புறம் அந்தப் பதிவைத் தட்டினான். என் குரல் நடுரோட்டில் ஒலித்தது. தமிழ்தானே, என்ன புரியப்போகிறது என்று தைரியமாகத்தான் நின்றேன்.

எங்கள் தமிழ் என்ன தமிழ் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். சாப்பாடு, துணிமணி, காசு என்று பாதிச் சொல் எங்களுக்குப் பர்மியில்தான் வாயில் வரும். "எம் மக கட்சி அங்க லுத்லத்யே கேக்குது" என்று பேசியிருந்தேன். சுதந்திரம் என்பதற்குப் பர்மியச் சொல். அவன் விரல் அங்கேயே நின்றது. திரும்ப ஓட்டி அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டான்.

"ஊலே, யாருக்கு லுத்லத்யே?" பெரியவரை அழைக்கும் மரியாதையோடுதான் பர்மியில் கேட்டான்.

"எம் மக இருக்குற நாட்டுக்கு. வேல்ஸ். இங்கிலீஷ்காரன் நாட்டுக்குப் பக்கத்துல."

"அத ஆளுறது யாரு?"

"லண்டன்ல இருக்கவங்க."

"இன்னுமா?" என்றான். சிரிக்கவில்லை. "இங்க அந்தக் கட்சியில யாரு இருக்கா?"

"இங்க ஒருத்தரும் இல்ல தம்பி. சத்தியமா இல்ல."

"அப்ப உங்க குரல் எதுக்கு?"

என்னோடு இறங்கியவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் என் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, போனை என்னிடம் நீட்டி, "அழிங்க" என்றான். அழித்தேன். அவன் சொல்லி முடிக்கும் முன்பே அழித்தேன் என்பதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே கால். லைன் இருந்தது, நேரமும் இருந்தது. பதிவுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினேன், நாக்கு எழவில்லை. 'அனுப்ப முடியவில்லை, மன்னித்துவிடு' என்று பர்மியில் எழுதி அனுப்பினேன். பிள்ளையைச் சபை நடுவில் கைவிட்டுவிட்டோம் என்று வேதனையாக இருந்தது.

ஏழு மணி வாக்கில் அவளிடமிருந்து பதில் வந்தது. தீர்மானம் நான்கு ஓட்டில் ஜெயித்துவிட்டதாம். கூடவே, கூட்டத்தில் அவள் பேசியதன் பதிவு. நானும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். வேல்ஸ் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு தமிழ். என் மகள் வளர்ந்த பிறகு ஐந்தாறு வாக்கியம் சேர்ந்தாற்போல் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எங்க அப்பா குரல் வரல. நான் சொல்றேன். சின்னதுல பஸ்ஸுல நான் தமிழ்ல சத்தமா பேசுனேன். அப்பா கையால என் வாய மூடுனாரு. எல்லாரும் பாக்குறாங்க, பர்மியில பேசுன்னாரு. அதுக்கப்புறம் நான் தமிழ் பேசல."

அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவே இல்லை. மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு நினைவிருந்தது.