கையில் காய்ந்த பட்டை

தொண்ணூறுகளில் ஜோகுபாளையத்து வீட்டில் நான் நாய்களுக்குத் தோல் கழுத்துப்பட்டை பின்னி விற்றேன். பதப்படுத்தாத பச்சைத்தோலை வார்வாராக அறுத்து, ஊறவைத்து, ஈரத்தோடு பின்ன வேண்டும். காயும்போது அது சுருங்கும் என்பதால் மரக்கட்டையில் மாட்டித்தான் காயவைப்போம்.

ஒரு மார்ச் மாதம் கட்டைகளில் எல்லாம் வேறு பட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சோம்பேறித்தனம், வேறென்ன? சின்ன நாய்க்காகப் பின்னிய ஒன்றை என் இடது முன்கையில் ஏற்றிக்கொண்டு, வாசல் வெயிலில் உட்கார்ந்து அடுத்ததைப் பின்னினேன். அவ்வப்போது தோல் மெல்ல முனகியது. வலியே இல்லை. மனைவி கொடுத்த டீ டம்ளர் நழுவி விழுந்தபோதுதான் கவனித்தேன். விரல்கள் நீலம் பாய்ந்து, வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

"ஐயோ, அறுத்துடவா?" என்றாள்.

"ஆர்டர் சரக்குடி அது! தண்ணி கொண்டா!" என்று கத்தினேன்.

பக்கெட்டில் கையை முக்கி வெகுநேரம் கழித்துத்தான் பட்டை இளகியது. அதன் பின்னல் அச்சுப் பிசகாமல் என் சதையில் பதிந்திருந்தது.

அதையே கட்டையில் மாட்டிக் காயவைத்து, இரண்டு நாளில், ஆர்டர் கொடுத்துவிட்டு நாயோடு வாங்க வந்த பிரேசர் டவுன்காரரிடம் கொடுத்தேன். அவருடைய நாய் பட்டையை முகர்ந்தது. பிறகு என் கையை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. அவர் நாயை இழுத்துப் பிடித்துப் பட்டையை மாட்டினார்.

"நனைஞ்சா உடனே கழட்டிடுங்க சார்."

"ஏன்பா, கெட்டுப்போயிடுமா?"

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமா சார்" என்றேன்.

அவரும் நாயும் தெருமுனை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.