ஃப்ரிட்ஜ் மேல் வந்த வழக்கு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் ஒரு சுருக்கம் விழாமல் நுழைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதைவிடப் பேர் வாங்கியது கைமாற்று விஷயத்தில். பஸ்ஸுக்குச் சில்லறை வாங்கியிருந்தால்கூட, கொடுத்தவர் மறந்துபோனாலும் மறுநாள் தேடிப்போய்க் கையில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, நீங்க வாங்கின ஃப்ரிட்ஜுக்குத் தவணை பாக்கி இருக்கு" என்றது ஒரு பெண்குரல்.

அது சொன்ன கடையின் பெயரைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கியது உண்மைதான். பாதித் தவணை கட்டி முடிப்பதற்குள், சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், பணத்தை முடிந்துகொண்டு இவள் கடைக்குப் போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர், "கடைய மூடிட்டு எங்கேயோ போயிட்டாங்கம்மா" என்று கையை விரித்தார். பிறகு இவர்களும் வீடு மாறினார்கள். விஷயம் மறந்தே போயிற்று.

"அந்தக் கடைதான் இல்லையேம்மா?"

"அவங்க பாக்கிக் கணக்கையெல்லாம் எங்க கம்பெனி வாங்கிடுச்சுக்கா."

கடனை எப்படி வாங்குவார்கள்? பழைய பேப்பர் மாதிரி எடைக்கா? அவளுக்குப் பிடிபடவில்லை. வட்டியோடு சேர்த்துக் குரல் சொன்ன தொகைக்கு ரெண்டு ஃப்ரிட்ஜ் வாங்கலாம்.

"முழுசா வேண்டாம்க்கா. இப்போதைக்கு ஒரு நூறு போடுங்க. உங்க நல்ல மனசு எங்களுக்கும் தெரியணும்ல?"

சாயங்காலம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, "கட்டிடு, பீடை ஒழியட்டும்" என்றார். வாய் மூடுவதற்குள், "ஆமா, அவன் யாரு நம்மகிட்ட கேட்க?" என்றார்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுமே சரியாத்தான் படுது."

அன்று பணம் போடவில்லை. மறுநாள் சலவைக்கூட மேற்பார்வையாளர், கோர்ட்டுக்குப் பின்னால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். அங்கே சின்ன வயசு வக்கீலம்மா ஒருத்தி இருந்தாள்.

"கடைசியா எப்போ கட்டினீங்க?"

"பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம்."

"இப்போ அவன் என்ன பண்றான்?"

"வேலைக்குப் போறான்."

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ கெடு எப்பவோ தாண்டியாச்சு. கடனுக்குக் கேஸ் போடச் சட்டத்துல ஒரு காலவரம்பு உண்டு. அது முடிஞ்சா கோர்ட் மூலமா வசூலிக்க முடியாது."

"அப்போ எனக்குக் கடனே இல்லையா?"

"அப்படிச் சொல்ல முடியாது. கடன் இருக்கு."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா கேஸ் நிக்காது. மனசிருந்தா நீங்களா கொடுக்கலாம். அதுலயும் ஜாக்கிரதை. கொஞ்சம் கொடுத்தாலும், ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாலும், கெடு இன்னையிலேர்ந்து புதுசா ஆரம்பிக்குதுன்னு வந்து நிப்பாங்க. நூறு கேட்டது எதுக்குன்னு நினைச்சீங்க?"

ஒன்றுமே கொடுக்காவிட்டால் தப்பித்தாள். கொஞ்சம் கொடுத்தால் மாட்டிக்கொண்டாள். இதுநாள்வரை அவள் தெரிந்து வைத்திருந்தது இதற்கு நேர் எதிர் அல்லவா?

பணம் போடாமல் இருந்தாள். போன் மேல் போன் வந்தது. 'அக்கா' 'மேடம்' ஆகி, 'ஏம்மா'வில் வந்து நின்றது. ஒருநாள் கோர்ட் சம்மனே வந்துவிட்டது.

"கெடுதான் தாண்டிடுச்சே, போகவேண்டாம்" என்றார் கணவர். வக்கீலம்மா போனில் ஒரு பிடி பிடித்தாள். "கெடு தாண்டினதை நீங்க வந்து சொல்லணும். வரலேன்னா அவங்க சொல்றதே தீர்ப்பாயிடும்!"

இருவரும் போனார்கள். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார், "ஃப்ரிட்ஜ் வாங்கினீங்களா?"

"வாங்கினேன் ஐயா. நல்லா ஓடுச்சு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கியைக் கட்டினீங்களா?"

"இல்லீங்க ஐயா. கட்டத்தான் போனேன். கடையைக் காணோம்."

வக்கீலம்மா எழுந்து காலவரம்பைச் சொன்னாள். கடைசித் தவணை என்றைக்கு வந்தது என்று நீதிபதி கேட்க, கம்பெனி ஆள் காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேதியை முணுமுணுத்தார். நீதிபதி இரண்டு வரி எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றபடியே இருந்தாள். "நகருங்கம்மா, முடிஞ்சிருச்சு" என்றார் சிப்பந்தி.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா முகமெல்லாம் பல்லாக, "தள்ளுபடி ஆயிடுச்சு!" என்றாள்.

"எவ்வளவு தள்ளுபடி?" என்று கேட்டார் கணவர்.

"ஐயோ, கேஸே தள்ளுபடிங்க! நீங்க ஜெயிச்சிட்டீங்க."

படிக்கட்டில் கம்பெனி ஆள் தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். இஸ்திரியக்கா விறுவிறுவென்று அவரிடம் போனாள். "சார், அந்தக் கடைக்காரர் இப்போ எங்க இருக்கார்? அவருக்குக் கொடுக்கணும்னா எங்க கொடுக்கிறது?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களுக்கே தெரியாதும்மா. இந்தக் கணக்கு எத்தனையோ கை மாறித்தான் எங்ககிட்ட வந்துச்சு."

"அப்போ நான் யாருக்குக் கடன்காரி?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வக்கீலம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "கோர்ட்டுல ஜெயிச்சிட்டீங்களாமே அக்கா!"

"அப்படித்தான் சொல்றாங்க."

"இனிமே தொல்லை இல்லை. நிம்மதிதானே?"

"நிம்மதிதான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலையே" என்று சொல்லி, ஈர விரிப்புக் குவியலுக்குக் குனிந்தாள்.