மீன்கூடையில் சுற்றிய கம்பி

கொட்டிவாக்கத்தில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும், கெங்கம்மாவின் பானையை அம்மன் காட்டிக் கொடுத்தாள் என்றுதான் சொல்வார்கள். அய்யாதுரைக்கு இது பல வருஷத்து எரிச்சல். அம்மன் காட்டினாள், சரி. வெயிலில் மெஷினைச் சுமந்தது யார்?

கெங்கம்மா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைத் தெருவில் மீன் விற்றவள். புருஷன் கடலோடு போன பிறகு கூடை சுமந்தே மகள் வசந்தியை வளர்த்தாள். கொட்டிவாக்கம் கடற்கரையில் அவர்கள் குப்பத்தில் நகையைப் பித்தளைப் பானையில் போட்டுக் குடிசைக்குள் ஆழமாகப் புதைத்து வைப்பார்கள். கூரை எரிந்தாலும் நகை பிழைக்கும். எழுபத்திரண்டில் குப்பமே எரிந்தது. அடையாளத்துக்கு ஒரு மூங்கில்கூட மிஞ்சவில்லை. காற்றடித்து எல்லாம் ஒரே மணல்வெளியாகிவிட்டது. தை பிறந்தால் வசந்திக்குக் கல்யாணம். நகை இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்ப்பார்கள்.

அதே பட்டறைத் தெருவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் அய்யாதுரையிடம், பட்டாளத்தில் கழித்துப்போட்ட கண்ணிவெடி தேடும் மெஷின் ஒன்று கிடந்தது. மண்ணுக்குமேல் காட்டும் அதன் கம்பி வட்டம் சோற்றுத்தட்டு அளவு. கெங்கம்மா கேட்டதற்காகக் குப்பத்து மணலில் காட்டியதும் தூண்டில் முள், துருப்பிடித்த ஆணி எல்லாவற்றுக்கும் கத்தித் தீர்த்தது.

"இன்னா நைனா, ஆணி பொறுக்கிக்கினு கீறியா?"

"சும்மா இருங்கக்கா. வட்டம் பெருசா இருந்தாத்தான் ஆழத்துக்குப் பாயும். முள்ளுக்கெல்லாம் கத்தாது."

இரும்பின்மேல் சுற்றியே பழகிய கை. பெரிய வட்டத்துக்குக் கம்பியைச் சைக்கிள் ரிம்மில் சுற்றிவிட்டான். ரிம்மைத் தவிர வேறெதையும் அந்த மெஷின் கண்டுகொள்ளவில்லை. அவன் திட்டிக்கொண்டிருந்தபோது கெங்கம்மா கூடையை இறக்கினாள். அகலமான வாய், சுற்றிலும் மூங்கில், இரும்பு என்ற பேச்சே இல்லை.

"கூடையக் கவுத்துங்கக்கா."

"யாவாரம் உங்கப்பனா பாப்பான்?"

"கல்யாணமா, யாவாரமா?"

கவிழ்த்தாள். வட்டம் பெரிதானதால் சுற்றைக் குறைத்துக் கூடையின் வாயில் கம்பியைச் சுற்றினான். பட்டறை முழுக்கக் கவிச்சி.

மூங்கில் கழியில் கூடையைத் தொங்கவிட்டு, அவள் முன்னால், அவன் பின்னால், ஏர் ஓட்டுவதுபோல் வரிசை வரிசையாக நடந்தார்கள். ஆணிகள் வாயைத் திறக்கவில்லை. உச்சிவேளைக்கு அவன் மாட்டியிருந்த காதுக்கருவியில் சத்தம் மெல்லக் கனத்தது. இடுப்பளவு தோண்டியதும் மண்வெட்டி 'ணங்' என்றது.

கெங்கம்மா பானைக்குள் கையை விட்டு ஒரு தோட்டை எடுத்தாள். ஊதினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அய்யாதுரை காதுக்கருவியைக் கழற்றப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவனிடம் அவள் கடைசியாகக் கேட்டது:

"கழட்டாத நைனா. பக்கத்துக் குடிசை தேசப்பன் பொண்டாட்டியும் அவ பானைய இந்தாண்டதான் பொதைச்சா. அவளுக்கும் ஒரு பொண்ணு கீது. இன்னொரு தபா நட."