நான்கு சுண்டைக்காயும் ஒரு ரேலிக் காரும்

கோடை காலத்தில் பள்ளியை விட்டுச் சொந்த நாடு திரும்பும் வெள்ளைக்கார ஆசிரியர்கள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். கொடைக்கானல்காரர்கள் கம்பளிக்கும் குக்கருக்கும் அடித்துக்கொள்வார்கள். அரசு அலுவலகக் கண்காணிப்பாளரான நான், குழந்தைகள் விளையாடிக் கழித்த ரேலிக் கார்களைத் தேடுவேன். பந்தய வண்டிகளைப் போல உலோகத்தில் வார்த்த, உள்ளங்கையில் அடங்கும் பழைய பொம்மைக் கார்கள். அப்படி வந்ததுதான் வெள்ளைக் கூரை போட்ட சிவப்புக் கார். கதவில் 21 என்று காகித எண் ஒட்டியிருக்கும்.

எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவரிடம் கதவில் எண் போட்ட ஒரு நீலக் கார் இருந்தது. தோட்டத்துத் துரை மகன் விட்டுப்போனது. நான் மூன்று வருடமாகக் கேட்டதில், கடைசியில் என் சிவப்புக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

"கதவுல நம்பர் மட்டும் இருக்கணும் சார். அது இல்லேன்னா வெறும் டாக்ஸிதான்."

விஜயதசமியன்று கைமாற்றுவது என்று முடிவாயிற்று.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை வீடு திரும்பினேன். குத்துவிளக்குகளோடு சிவப்புக் காரும் பளபளவென்று வெயிலில் காய்ந்தது. என் மனைவி புளி போட்டுத் தேய்த்திருந்தாள். 21 சாக்கடைக்குப் போய்விட்டது.

"என்னத்துக்குத் தேச்ச?"

"வீட்ல வண்டின்னு இதுதானங்க கெடக்கு! அழுக்கோடயா பூசைக்கு வைக்க?"

மறுநாள் காருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சை பெரிதாக இருந்ததால் நான்கு சுண்டைக்காயை எடுத்து வைத்தாள். "நல்ல நேரத்துல ஏத்திக்கங்க" என்று அவற்றைக் காகிதத்தில் மடித்தும் கொடுத்தாள்.

சேதத்தை மறைத்து ஒப்படைப்பது விதிகளுக்கு முரண். ஆகவே விஜயதசமியன்று ஜீப்பின் முன்மூடி மீது காரை வைத்து, கதவை அவர் பக்கம் திருப்பினேன். ஓட்டுநர் எண் இருந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். நீலக் கார் போய்விட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"இது என்ன சார் பொட்டலம்?"

பிரித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்தடியிலும் ஒரு சுண்டைக்காயை வைத்துக் காரைத் தள்ளினார். கார் துள்ளி ஏறியதே தவிர, ஒன்றும் நசுங்கவில்லை. பிறகு கட்டைவிரலால் கூரையை அழுத்தினார். நான்கும் நசுங்கின.

"பூசை போட்டு வாசலுக்கு வந்த வண்டிய வேண்டாங்கிறதா? நான் டிரைவரு சார். நம்பர நானே எழுதிக்குவேன்."

சட்டைப்பையிலிருந்து நீலக் காரை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அதை மனைவியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதையும் தேய்க்கணுமா?"

"நம்பரத் தொடாம."

அடுத்த கோடையில் வெள்ளைக்காரர் வாசலுக்கு எனக்கு முன்னால் போய் நின்றது அவள்தான். குக்கர் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு பச்சைக் காரைத் தூக்கிப் பிடித்து, கூட்டத்துக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள்: "ஏங்க, வெரசா வாங்க! இதுல நம்பர் பெயிண்டுல இருக்கு!"