மோட்டார் ரூம் சாவியும் போர் நிறுத்தமும்

அன்று காலை மார்க்கையன்கோட்டை டீக்கடையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது நான்தான். தூர தேசத்துச் சண்டையை நிறுத்த வேண்டும், சோறும் மருந்தும் தடையில்லாமல் போக வேண்டும் என்று நம் நாடு கேட்டிருப்பதாகப் பேப்பரில் வந்திருந்தது.

"கேட்டா மட்டும் போதுமா? சோத்து லாரிய மறிக்கிறவன் மனுசனா?" என்று பெஞ்சைத் தட்டினேன்.

எதிர் பெஞ்சில் என் தம்பி. வரப்புத் தகராறில் இரண்டு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. பேச வேண்டியதை டீ மாஸ்டர் வழியாகத்தான் பேசுவோம். இருவருக்கும் பொதுவான கிணற்றின் மோட்டார் ரூமை நான் பூட்டி அன்றோடு நாலு நாள். அவனுடைய வாழை குலை தள்ளும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

தம்பி மாஸ்டரைப் பார்த்துச் சொன்னான்: "லாரிய விடச் சொல்றவகள மொதல்ல சாவிய விடச் சொல்லுங்கண்ணே."

கடையே சிரித்தது. "வரப்ப வெட்டுனது தப்புன்னு அவன மொதல்ல சொல்லச் சொல்லுங்க" என்று நானும் மாஸ்டரிடமே கத்தினேன்.

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ரெண்டு பேரும் கை நீட்டுனா தொடுற தூரத்துல ஒக்காந்திருக்கீக. இனிமே என்னய இழுக்காதீக. வாழை கருகுது, சாவிய வைங்கப்பா."

நடுவில் கிடந்த ஸ்டூலில் சாவியை வைத்தேன். கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். "ஒரு நாளைக்குத்தான்னு சொல்லுங்க" என்றேன். மாஸ்டர் காதில் வாங்கவில்லை. தம்பி சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் மோட்டார் ரூமைப் பூட்டவே இல்லை. என் முறைக்கும் அது திறந்தே கிடக்கிறது. நானும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கேட்டுச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.