குடும்பம் என்று சொன்ன கோச்

இந்த நாட்டில் ஒருவரிடம் வயதைக் கேட்கக் கூடாது, சம்பளத்தைக் கேட்கக் கூடாது, கலியாணம் முடித்துவிட்டாயா என்றும் கேட்கக் கூடாது. வந்த புதிதில் இதையெல்லாம் கேட்டுப் பலரை முகம் சுளிக்க வைத்திருக்கிறேன். ஆனால் உயரத்தைக் கேட்கலாம். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து லிப்ற்றுக்குள் முன்பின் தெரியாதவர்கள் என் மகன் நிரோஜனை அண்ணாந்து பார்த்து, எத்தனை அடி என்று விசாரிப்பார்கள். ஒருநாள் ஒரு மனிதர் அவனுடைய சப்பாத்து அளவைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தகப்பனும் உயரமா என்றார். கன்று வாங்க வந்தவர் தாய்ப் பசுவைப் பார்க்கிற பார்வை அது. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நிரோஜன் ரொறன்ரோவில் பிறந்தவன். பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் அவன்தான் உயரம். அந்த உயரம் எங்கள் இருவரிடமிருந்தும் வரவில்லை. வன்னியில் இருந்த என் தம்பி சேகரிடமிருந்து வந்தது. மகனின் கடைசிப் பள்ளி வருடத்தில்தான் வன்னியில் சண்டை இறுகியது. அதே மாதங்களில்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கோச்மார் அவனைத் தேடி வரத் தொடங்கினார்கள். படிப்பு இலவசம், தங்குமிடம் இலவசம். பந்து விளையாடினால் போதும் என்றார்கள். என் கணவர் இரவு பகலாகத் தொழிற்சாலையில் நின்றவர். பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு கோச் வீட்டுக்கே வந்தார். பெரிய பற்கள், பெரிய கைகள், கூடவே ஓர் உதவியாளர். செற்றியில் உட்கார்ந்ததுமே, 'எங்களிடம் வந்தால் நிரோ எங்கள் குடும்பம்' என்றார். தொலைக்காட்சியில் வன்னி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நாங்கள் அதை நிறுத்துவதேயில்லை. மணலில் சனம், புகை, தலையில் மூட்டைகள். என்ன இது என்று கேட்டார். என் தம்பி அதற்குள் நிற்கிறான், பல வாரமாகத் தொடர்பில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, 'உங்கள் தம்பி உயரமா?' என்று கேட்டார்.

அந்தச் சனத்துக்குள் அவனைத் தேடிப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். என் நெஞ்சு இளகிப்போனது. எழும்பித் திரைக்குக் கிட்டப் போய், 'ஓம், நல்ல உயரம். மகனைவிடக் கொஞ்சம்தான் குறைவு' என்று கையை உயர்த்திக் காட்டினேன். அவர் உதவியாளரிடம் திரும்பி, 'அப்படியென்றால் பையன் இன்னும் வளருவான்' என்றார். நான் உயர்த்திய கை அப்படியே நின்றது. நிரோஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேநீரை அவர்கள் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன்.

இருந்தும் அவர்கள் அழைத்தபோது எல்லை தாண்டி அவர்களுடைய பல்கலைக்கழகத்துக்குப் போனோம். எங்கள் ஊர்க் கோயில் இரண்டை உள்ளே வைக்கலாம் போன்ற ஓர் அரங்கு. உடை மாற்றும் அறையில் மகனுடைய பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். பிறகு விளக்கை அணைத்து ஒரு படம் போட்டார்கள். போரிலிருந்து தப்பி வந்த பையன், பந்தால் வாழ்வை வென்றவன் என்று ஒரு கம்பீரமான குரல் சொன்னது. திரையில் அகதிக் கூடாரங்கள். அவற்றுக்குப் பின்னால் ஓர் ஒட்டகம் நின்றது.

"ஐ வாஸ் போர்ன் இன் ரொறன்ரோ" என்றான் நிரோஜன்.

'அது உன் குடும்பத்தின் கதைதானே' என்று கோச் அவன் தோளில் தட்டினார். 'சனங்களுக்கு இது பிடிக்கும்.'

காரில் திரும்பினோம். வெகு தூரம் வந்தபிறகு, "உந்த ஒட்டகம் எங்கத்தையான்?" என்று கணவர் கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஏப்ரலில் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோத் தமிழர் எல்லாரும் வீதியில் நின்றோம். வேலை முடிந்து நேரே அங்கேதான் போவேன். ஒருநாள் நிரோஜனும் வந்தான். உயரமானவன் என்று கொடியை அவன் கையில் கொடுத்தார்கள். அடுத்த நாள் ஒரு பத்திரிகையில் அவன் படம் வந்தது. அன்று மாலையே கோச்சின் அழைப்பு. இனி அந்தப் பக்கம் போகவேண்டாம், கொடியோடு படத்தில் நிற்கவேண்டாம், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுப்பவர்கள் விரும்பமாட்டார்கள் என்றார்.

"அப்ப அந்த வீடியோ?" என்று கேட்டான் மகன்.

'அது கதை. இது அரசியல்' என்றார் அவர்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. சேகரின் மனைவி பிள்ளையோடு முகாமுக்கு வந்து சேர்ந்தாள். சேகர் வரவில்லை. கடைசி நாட்களில் பங்கர் வாசலில் ஷெல் விழுந்ததாம். உடலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம். உடல் இல்லாத செத்தவீட்டை எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடத்தினோம். எங்கள் சனமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. என் கையைப் பிடித்து அழுத ஓர் அன்ரி, கண்ணைத் துடைத்த கையோடு, "நிரோவின்ர ஸ்கொலர்ஷிப்பை மட்டும் விட்டிடாதேங்கோ பிள்ளை. பிறகு என்ன, காசுக்காரர் இருக்கிற யூனியன்வில்லில வீடு எடுக்கலாம்" என்றார். அந்தக் கிழமையே கோச்சும் அழைத்தார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், நாம் ஒரு குடும்பம், நிரோ எப்போது கையெழுத்துப் போடுவான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

பிறகுதான் நிரோஜன், ஆட்டக்காரர்களுக்குக் கழகம் தேடிக்கொடுக்கும் ஒரு முகவரைக் கூட்டிவந்தான். பொஸ்னியாப் போரிலிருந்து தப்பி ரொறன்ரோவுக்கு வந்த மெலிந்த மனிதர். ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக் கழகம் இவனைச் சம்பளத்துக்கு எடுக்கத் தயார் என்றார். 'உங்கள் மகன் நல்ல ஆட்டக்காரன், மிக நல்ல ஆட்டக்காரன் இல்லை. முழங்கால் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் சம்பளத்தில் எனக்கும் பங்கு உண்டு' என்று முகத்துக்கு நேரே சொன்னார். சுவரில் மாலை போட்டிருந்த சேகரின் படத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்.

அவர் போனதும் கணவர் வெடித்தார். "பந்தடிக்கவோ உன்னை வளர்த்தனான்? படிப்பை விட்டிட்டு அங்க போய்க் கூலிக்கு விளையாடப் போறியோ?"

"அப்பா, ரெண்டும் கூலிதான்" என்றான் நிரோஜன். "ஜெர்மன்காரங்கள் வேலை எண்டு சொல்லுறாங்கள். அமெரிக்காக்காரங்கள் ஃபமிலி எண்டு சொல்லுறாங்கள். சேகர் மாமா செத்தது அவங்களுக்கு ஒரு ஸ்ரோறி. ஐ காண்ட் டூ இட். படிப்பைப் பிறகு படிப்பன்."

கணவர் என்னைப் பார்த்தார். "அவன் போகட்டும்" என்றேன். அவர் பல நாள் என்னோடு பேசவில்லை. படிப்பை உதறச் சொன்ன தாய் என்று இன்றும் என்னைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும்.

ஆவணியில் நிரோஜன் போனான். அந்த நகரத்தின் பெயர் இன்னும் என் வாயில் சரியாக வருவதில்லை. அங்கே வெளியிலிருந்து வந்து விளையாடுபவர்களை எல்லாம் அமெரிக்கன் என்றுதான் அழைப்பார்களாம். அமெரிக்காவே வேண்டாம் என்று போனவனை அரங்கு முழுவதும் அமெரிக்கன், அமெரிக்கன் என்று கூப்பிடுகிறதாம். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டான்.

போன கிழமை தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னான். ஆட்டத்தின் கடைசி நிமிடம். அவனுக்கு ஒரு தனி எறிதல் கிடைத்திருக்கிறது. கோட்டில் தனியாக நின்று ஐந்து விநாடிக்குள் கூடைக்குள் போடவேண்டும். சனம் அமெரிக்கன் என்று காலால் தட்டி இரைந்திருக்கிறது. அப்போது மேலே எங்கேயோ இருந்து ஒரு பொம்பிளைக் குரல், "தம்பி, அவசரப்படாம ஆறுதலாப் போடப்பன்!" என்று கேட்டதாம். அந்த ஊரில் தமிழர் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"பந்தைக் கையில வைச்சுக்கொண்டு அப்படியே நிண்டிட்டன் அம்மா. ஆர் எண்டு திரும்பித் தேடினன்."

"பிறகு போட்டியோ?"

"இல்லை. நேரம் போயிட்டுது எண்டு விசில் அடிச்சிட்டாங்கள். பந்தை மற்றப் பக்கத்துக்குக் குடுத்திட்டாங்கள்."